ஒண்டியின் பதினைந்தாவது கடிதம்

பத்தே முக்காலுக்கு ஒண்டியின் சுவிட்சைப் போட்டாள் காந்திமதி. போட்ட கையோடு, எதைச் சொன்னாலும் நம்புவதற்கென்றே பிறந்த அறுநூற்றுப் பன்னிரண்டு பேரையும் மனசுக்குள் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டு அடுப்படி முக்காலியில் உட்கார்ந்தாள். ஒண்டி கர்ர்ர் என்றது. தனியாளுக்கான கிரைண்டர். ஒரு டம்ளர் உளுந்து கொள்ளும், அதற்கு மேல் அரைக்கைப்பிடி போட்டாலும் முனகும். பெயர் வைத்தது அவள்தான். ஒண்டிக்கட்டைகளுக்கு ஒண்டி. அந்தப் பெயருக்கே இருநூறு பேர் விழுந்தார்கள் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனான் தண்டாயுதம். முழுப்பெயர் பாலதண்டாயுதம், கணபதி என்ற பேட்டையில் ஒரு தகரக் கொட்டகையில் இதைச் செய்கிறவன், செய்யப்போகிறவன், செய்வதாகச் சொல்கிறவன். இந்த மூன்றில் எது சரி என்பதில்தான் வயிற்றுப்பாடே இருக்கிறது. அவள் மனசுக்குள் அவனுக்குத் தண்டம் என்று பெயர். பொருளைச் செய்வதற்கு முன்னாலேயே ஊரிடம் காசு வாங்கிக்கொள்கிற இணையதளம் ஒன்றில் தண்டம் கடை விரித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. காசு கொடுத்தவர்கள் இடையில் மனசு மாறி ஓடிவிடாமல் மாதம் ஒரு கடிதம் எழுதிக் கட்டிப்போடுவது காந்திமதியின் வேலை. அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். இதுவரை பதினாலு கடிதம். பதினைந்தாவது இன்று பன்னிரண்டு மணிக்குப் போயாக வேண்டும், ஏனென்றால் ஆறு மணிக்குக் கதவு சாத்துகிறார்கள். வேண்டாம், என் காசைக் கொடு என்று சொல்ல விரும்புகிறவர்கள் இன்று மாலை ஆறு வரை ஒரு பட்டனை அமுக்கலாம், அதற்கப்புறம் அமுக்க முடியாது. ஆறு மணி வரை அந்த அறுநூற்றுப் பன்னிரண்டு கட்டைவிரலும் அந்தப் பட்டன் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். எதிரே ஒரு ஸ்டாண்டில் செல்போன் நின்று ஒண்டியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. மேடையில் லேப்டாப் திறந்திருந்தது. அதில் ‘அன்புள்ள’ என்று மட்டும் இருந்தது.

கட்டிப்போடுவது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. மாட்டுக்கு வைக்கோலைக் காட்டிக்கொண்டே நடக்கிற வேலைதான். தாமதம் என்ற சொல்லை வாழ்நாளில் எழுதக்கூடாது, பக்குவம் என்று எழுதவேண்டும். தப்பாகிவிட்டது என்றால் கற்றுக்கொண்டோம் என்று எழுதவேண்டும். கிரீஸ் படிந்த கை ஒன்றின் படத்தை மாதம் ஒருமுறை போடவேண்டும், யார் கை என்று எந்தப் பேமானியும் கேட்பதில்லை. காசு கொடுத்தவர்களை வாடிக்கையாளர் என்று சொல்லவே கூடாது, வாடிக்கையாளர் என்றால் சரக்கு எங்கே என்பான். புரவலர் என்று எழுதவேண்டும். அந்தச் சொல்லை அவள்தான் கண்டுபிடித்துப் போட்டாள், முதல் கடிதத்திலேயே. அடடா, அடடா, புரவலர்! அந்தக் காலத்துப் புரவலன் யானை கொடுத்தான், தேர் கொடுத்தான். இவர்கள் ஒரு டம்ளர் உளுந்து அரைக்கிற தொட்டிக்கு முன்பணம் கட்டிவிட்டு மீசையை முறுக்கிக்கொண்டார்கள். ‘புரவலர் என்று அழைத்தமைக்கு நன்றி, கண் கலங்கியது’ என்று திருச்சியிலிருந்து ஒரு ஆள் எழுதியிருந்தான். கலங்கட்டும். ஐந்தாவது கடிதத்தில் சொல்வதற்கு ஒரு மண்ணும் இல்லாமல் போனபோது, ஒண்டியின் சுவிட்சுக்கு எந்த நிறம் வேண்டும், பச்சையா காவியா மயில்நீலமா, நீங்களே தீர்மானியுங்கள் என்று எழுதினாள். பதினோரு நாள் சண்டை போட்டார்கள். பச்சை என்றால் ஒரு கட்சி, காவி என்றால் ஒரு கட்சி என்று கிளம்பி, ஒருத்தனை ஒருத்தன் இனத்துரோகி என்று ஏசி, கடைசியில் மயில்நீலம் ஜெயித்தது. இல்லாத யந்திரத்தின் இல்லாத சுவிட்சுக்கு நிறம். அந்தப் பதினோரு நாளும் ஒருத்தன்கூடக் காசைத் திருப்பிக் கேட்கவில்லை. சனங்களை அடக்கி வைக்கவேண்டுமென்றால் அவர்களிடம் ஒரு அபிப்பிராயம் கேட்டால் போதும் என்பதை அன்றைக்கு அவள் தெரிந்துகொண்டாள்.

கர்ர்ர். உளுந்து நுரைக்க ஆரம்பித்திருந்தது, நியாயமாகப் பார்த்தால் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பதினாலாவது கடிதம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அதைப் பற்றி நினைக்கக்கூடாது, பதினைந்தை எழுதவேண்டும். அன்புள்ள. அன்புள்ள யார்? அங்கேதான் வழுக்கியது. சனியன் பிடித்த இந்தப் படிவத்தைச் செய்தவன் எவனோ, முதல் பெயர் கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் போட்டு வைத்திருக்கிறான். தமிழனுக்கு ஏது முதல் பெயரும் கடைசிப் பெயரும்? இருப்பது ஒரு பெயர், அதற்கு முன்னால் ஒரு எழுத்து. அந்த எழுத்தை முதல் கட்டத்தில் போட்டவர்கள் நூறு பேர். ஆகவே பதிமூன்று கடிதமும் அந்த நூறு பேருக்கும் ‘அன்புள்ள கே’ என்றும் ‘அன்புள்ள எம்’ என்றும் போய்க்கொண்டிருந்தன. ‘அன்புள்ள கே, உங்களை மறக்கவே முடியாது.’ ஒரு கே கடுப்பாகி, நான் கே இல்லை, அது என் தாத்தா ஊர் என்று எழுதியபோதுதான் அவளுக்கு உறைத்தது. சரி என்று முதல் கட்டத்தை விட்டுவிட்டு இரண்டாவது கட்டத்திலிருந்து பெயரை எடுக்கும்படி மாற்றிவிட்டாள். அரை நிமிஷ வேலை. எழுத்துக்காரர்கள் நூறு பேருக்குச் சரியாகிவிட்டது. மீதி ஐநூற்றுச் சொச்சம் பேரும் தங்கள் பெயரை முதல் கட்டத்தில் ஒழுங்காகப் போட்டுவிட்டு, இரண்டாவது கட்டத்தில், வேறு என்னத்தைப் போடுவது என்று தெரியாமல், அப்பன் பெயரைப் போட்டிருந்தார்கள். கல்யாணமானவள் புருஷன் பெயரை. முந்தாநாள் காலை ஒன்பது மணிக்குப் பதினாலாவது கடிதம் அத்தனை அப்பன்மாருக்கும் போய்ச் சேர்ந்தது. சோதனைக்காகப் பட்டியலில் தன் பெயரையும் சேர்த்து வைத்திருப்பாள் காந்திமதி, எப்போதோ பூர்த்தி செய்த பழைய விவரத்தோடு. அவளுக்கு வந்தது: ‘அன்புள்ள முத்தையா, நீங்கள் இன்னும் எங்களோடு இருக்கிறீர்கள். அந்தத் தெம்பில்தான் நாங்கள் ஓடுகிறோம்.’ புருஷன் முத்தையாவை அவள் வீட்டை விட்டுத் துரத்தி ஒன்பது வருஷம் ஆகிறது. முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்தபிறகுதான் மற்ற அப்பன்மாரில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்களோ என்ற எண்ணம் வந்தது.

நீங்கள் இன்னும் எங்களோடு இருக்கிறீர்கள். வேறு வாக்கியமா கிடைக்கவில்லை? காசைத் திருப்பிக் கேட்காமல் இருக்கிறீர்கள் என்பதை நாசூக்காகச் சொல்வதற்கு எழுதினது. செத்துப்போனவன் பெயரைப் போட்டு அப்படி எழுதினால் செருப்பால் அடிப்பார்கள் என்றுதான் நினைத்தாள். மாதம் நாலு பதில் வந்தால் பெரிசு என்று இருந்த இடத்தில் இரண்டு நாளில் நூற்றெண்பத்து மூன்று பதில். ஏசினவர்கள் ஏழெட்டுப் பேர். மிச்சப் பேர் அழுதிருந்தார்கள். ‘எங்கப்பா போய் ஆறு வருஷமாச்சு, அவர் பேருக்கு ஒரு லெட்டர் வந்து பார்த்தேன், உட்கார்ந்துட்டேன்.’ ‘அப்பா இருந்திருந்தா இந்த கிரைண்டரைப் பார்த்துட்டு, இது என்னடா கிலுகிலுப்பைன்னு கேட்டிருப்பார்.’ ‘இத்தனை நாளா அவரோட பேசல. இன்னிக்கு போன் பண்ணினேன்.’ அறிவு இருக்கிறதா இவர்களுக்கு? ஒரு பட்டியலில் கட்டம் மாறினதற்குக் கண்ணீர் விடுகிறார்கள். நாளைக்கே மின்சார பில்லில் அப்பன் பெயர் வந்தால் அதையும் கண்ணில் ஒற்றிக்கொள்வார்களோ என்னவோ. இன்று காலை ஏழு மணிக்கே தண்டம் போன் பண்ணிவிட்டான். “ஏனுங்க்கா, காப்பி குடிச்சாச்சுங்களா? பாத்தீங்களா? ரெண்டு நாளா ஒருத்தன், ஒரே ஒருத்தன் பட்டனை அமுக்கலீங்க்கா. அப்பனைத் தொட்டதும் அத்தனை பேரும் பொட்டிப்பாம்பா அடங்கிப்போயிட்டானுங்க. அதையவே மறுக்கா பண்ணிப்போடலாமுங்க்கா.” “அது தப்பு தம்பி. தெரியாம நடந்தது” என்றாள். “தப்புதானுங்க. நல்ல தப்புங்க. இன்னைக்குத் தெரிஞ்சே பண்ணுவோம். எங்கப்பாவையும் சேத்துக்குங்க. அவரு தனியாக் கஷ்டப்பட்டு மாவாட்டுனாருன்னு நாலு வரி.” “உங்கப்பா நல்லாத்தானே இருக்காரு? போன வாரம் கொட்டகையில பாத்தேனே.” “இருக்காருங்க. லெட்டர்ல இல்லாம இருக்கட்டுமுங்க, ஒரு நாளைக்கு” என்றான் தண்டம். அப்படியே போகிற போக்கில், நேற்றுப் பெய்த மழையைப் பற்றிச் சொல்கிற மாதிரி, அடுத்ததையும் சொன்னான்: “மோட்டாருக்கு ஆர்டரே போடலீங்க்கா. இனிப் போட்டுப் பிரயோசனமில்லை. ஆறு மணி தாண்டட்டும், அடுத்தது தனியாளுக்கு ஒரு தோசைக்கல்லு யோசிச்சு வெச்சிருக்கேன்.”

ஒண்டி நின்றது. பதினோரு நிமிஷம். ஒவ்வொரு பதினோரு நிமிஷத்துக்கும் மோட்டார் சூடேறித் தானாக நின்றுவிடும், ஏழு நிமிஷம் ஆறினால்தான் மறுபடி ஓடும். இதற்குத் தண்டம் வைத்திருக்கிற பெயர் ரெஸ்ட் மோட். ஆறாவது கடிதத்தில் காந்திமதி இதை, ‘ஒண்டி உங்களைப் போலத்தான், உழைத்துவிட்டு ஒரு மூச்சு வாங்கிக்கொள்கிறது’ என்று எழுதியிருந்தாள். எழுதிவிட்டுத் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டாள், பொய் சொல்லக்கூடாது, பழுதை இதைவிடப் பவிசாக யார் எழுதிவிட முடியும்? ஒரே ஒரு மாதிரி யந்திரம்தான் உலகத்தில் இருக்கிறது, இதோ இதுதான். செவ்வாய்க்கிழமை கூரியரில் அனுப்பி, ‘நெசமான ஒண்டிக்கட்டை வீட்ல ஓடுற மாதிரி வீடியோ எடுத்தா நல்லாருக்குமுங்க்கா, நிக்கிற எடத்த வெட்டிப்போடுங்க’ என்று தண்டம் செய்தி போட்டிருந்தான். நெசமான ஒண்டிக்கட்டை. சவத்து மூதி. நாற்பத்தோரு வயசுப் பொம்பளை தனியாக இருந்தால் அவள் சமையல்கட்டுக்கூட விளம்பரத்துக்கு ஆகும். ஆனால் அவனை ஏச முடியாது. இந்த வீட்டு வாடகை தண்டத்தின் வாயில்தான் இருக்கிறது. இதே தளத்தில் கடை விரிக்கிற இன்னும் மூன்று பேருக்கு அவளைக் கைகாட்டி விட்டிருக்கிறான். இன்று ஆறு மணிக்கு ஆட்கள் கலைந்து ஓடினார்களென்றால், கவிழ்த்துவிட்ட பொம்பளை என்று ஒரே நாளில் பேராகிவிடும். கவிழ்த்துவிட்ட பொம்பளைக்கு யார் கடிதம் எழுதக் கொடுப்பார்கள்? சாய்பாபா காலனியில் வாடகை கொடுக்காமல் எந்தப் புண்ணியவான் இருக்கவிடுவான்? பாளையங்கோட்டைக்குத் திரும்பிப் போய்த் தம்பி பெண்டாட்டியிடம் சோறு தின்பதா? அதைவிட அப்பன்மாருக்கு எழுதிவிடலாம். தொட்டியில் விரலை விட்டுப் பார்த்தாள். மாவு கஞ்சி மாதிரி சுட்டது. சுட்ட மாவில் இட்லி வார்த்தால் எறிந்து நாயை விரட்டலாம். விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

எழுதுவது அவளுக்குக் கஷ்டமே இல்லை, அதுதான் கஷ்டம். இந்தத் தொழிலை அவள் இருபத்திரண்டு வயசில் ஒரு அனாதைப் பிள்ளைகள் விடுதியில் கற்றுக்கொண்டாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வெளிநாட்டுப் புண்ணியவான் காசு அனுப்புவார், பிள்ளை அவருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும். பிள்ளைகள் எழுதினால் ‘நான் நலம், நீங்கள் நலமா, பேனா வேண்டும்’ என்பதற்கு மேல் வராது. அதனால் காந்திமதி எழுதினாள், பிள்ளைக் கையெழுத்தாகத் தெரியவேண்டுமென்று இடதுகையால். ஜெபராணி என்று ஒரு பெண், ஏழு வயசு, மூக்கு எப்போதும் ஒழுகிக்கொண்டிருக்கும். இரண்டாவது வருஷமே அவளை அவள் மாமன் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டான். வெளிநாட்டுக்காரரிடம் சொன்னால் காசு நின்றுவிடும் என்றார் வார்டன். ஆகவே காந்திமதி ஜெபராணியைக் காகிதத்திலேயே வளர்த்தாள். பொன்னுக்குவீங்கி வரவைத்தாள், குணமாக்கினாள், கணக்கில் இரண்டாவது ராங்கு வாங்கவைத்தாள், முதல் ராங்கு என்றால் நம்பமாட்டார்கள். ஒரு விடுமுறைக்குத் தாமிரபரணியில் நீச்சல் கற்றுக்கொடுத்தாள். அடுத்த மாதமே வெளிநாட்டிலிருந்து ஒரு நீச்சல் உடுப்பு பார்சலில் வந்து சேர்ந்தது, வார்டன் வெட்கப்பட்டுக்கொண்டு அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். அந்த மனுஷர் நேரில் பார்க்க வருகிறேன் என்று எழுதியபோது ஜெபராணியை நர்சிங் படிக்க ஆந்திராவுக்கு அனுப்பிவிட்டாள். எழுதினவள் கையைவிட நம்பினவன் மண்டைமேல்தான் அவளுக்கு ஆத்திரம் வந்தது, அப்போதும் இப்போதும். ஏன் நம்புகிறாய்? ஒரு வரி, எங்கேயாவது ஒரு வரியில் சந்தேகப்படமாட்டாயா? இத்தனை வருஷத்தில் ஒருத்தராவது, அம்மா தாயே நீ புளுகுகிறாய் என்று எழுதியிருந்தால் அவள் வேறு தொழில் பார்த்திருப்பாள். அப்படித்தான் அவள் தனக்குச் சொல்லிக்கொள்வது. ஒருத்தரும் எழுதவில்லை, அதனால் அத்தனை பேரும் மடையர்கள், மடையர்களுக்குப் புளுகினால் பாவம் ஒட்டாது.

ஒண்டி மறுபடி உயிர் வந்து கர்ர்ர் என்றது. சுவர்க்கடிகாரம் பதினொன்று தாண்டி மூன்று நிமிஷம் காட்டியது. காந்திமதி லேப்டாப்பை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள். கட்டத்தை மாற்றவேண்டிய அவசியமே இல்லை, இரண்டாவது கட்டம் அப்படியே இருந்தது. விரல் தானாக ஓடியது. ‘அன்புள்ள’, அடுத்து அப்பன் பெயர் தானாக விழும், ‘சென்ற கடிதத்தில் உங்கள் பெயரைச் சொல்லி அழைத்தோம். அது தவறு என்று சிலர் சொன்னார்கள். தவறுதான். ஆனால் சில தவறுகள் நாம் செய்வதில்லை, யாரோ நம் கையைப் பிடித்துச் செய்யவைக்கிறார்கள்.’ அய்யோ, எப்படி வருகிறது பார். அடுப்பில் பால் பொங்குகிற மாதிரி வருகிறது. இதைப் படித்துவிட்டு எவன் பட்டனை அமுக்குவான்? பட்டனை அமுக்கினால் பெத்த அப்பனைக் கைவிட்ட மாதிரி ஆகிவிடும். அடுத்து தண்டத்தின் அப்பாவைக் கொல்லவேண்டும். நல்ல மனுஷர், போன வாரம் கொட்டகையில் அவளுக்கு ஒரு இளநீர் வெட்டிக் கொடுத்தார், மீசையில் தண்ணீர் சொட்டச் சொட்டச் சிரித்தார். அவரை எப்படிச் சாகடிப்பது, மாரடைப்பா, நாள்பட்ட நோயா? நாள்பட்டது என்றால் அவர் தனியாக மாவாட்டினதற்கு இடம் கிடைக்கும். ‘அவர் கடைசியாக அரைத்த மாவு’ என்று அடித்துவிட்டு நிறுத்தினாள். அதற்கு மேல் விரல் போகவில்லை. மனசாட்சி கினசாட்சி ஒன்றும் இல்லை, மீசையில் சொட்டின தண்ணீர்தான் ஞாபகத்தில் நின்றுகொண்டு வழிவிடவில்லை. அந்த நேரத்தில்தான் திரையின் ஓரத்தில் நூற்றெண்பத்து நாலாவது பதில் வந்து விழுந்தது. எவனாவது அப்பனின் செருப்பைப் பற்றி எழுதியிருப்பான் என்று அலுத்துக்கொண்டே திறந்தாள்.

‘அம்மா வணக்கம். நான் கனகசபாபதி, சிதம்பரம், டெலிபோன் டிபார்ட்மெண்டில் இருந்து ரிட்டயர்டு. ஒண்டிக்குப் பணம் கட்டினது என் மகன் சிவநேசன். புனேயில் தனியா இருந்தான். போன ஆடியில் வண்டியில போகும்போது தவறிட்டான். அவன் மெயிலை இப்ப நான்தான் பாக்கறேன். பாங்குக்காரன், சிம்கார்டுக்காரன், சட்டை விக்கிறவன் எல்லாரும் இன்னும் அவன் பேருக்குத்தான் எழுதறாங்க. ரெண்டு பேருக்கு சர்ட்டிபிகேட்டே அனுப்பினேன், கேக்கலை. உங்களுக்கு நான் சொல்லவே இல்லை. நீங்க மட்டும் முந்தாநாள் என் பேரைப் போட்டு எழுதியிருக்கீங்க, நீங்க இன்னும் எங்களோட இருக்கீங்கன்னு. யாரும்மா சொன்னாங்க உங்களுக்கு? யார் சொல்லியிருந்தாலும் நல்லா இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லுங்க. கிரைண்டர் வருமா?’ காந்திமதி இதை ஒருதரம் படித்தாள். பிறகு ‘யாரும்மா சொன்னாங்க’ என்ற இடத்தை மட்டும் நாலுதரம் படித்தாள். யாரும் சொல்லவில்லை ஐயா, கட்டம் மாறிப்போச்சு. அப்படி எழுதலாமா? எழுதினால் அந்த மனுஷருக்கு இருந்த ஒன்றும் போய்விடும். வரும் என்று எழுதலாமா? நூறு தடவை எழுதின சொல், நாலு எழுத்துகூட இல்லை, அடிக்க ஒரு நொடி ஆகாது. வரும் ஐயா, பக்குவமாகிக்கொண்டிருக்கிறது. முட்டாள் கிழவர், மகனே போய்விட்டான், இவருக்கு கிரைண்டர் எதற்கு? சிதம்பரத்தில் மாவுக் கடையா இல்லை? பாக்கெட் மாவு வாங்கிப் போகவேண்டியதுதானே? என்று அவரைத் திட்டிப் பார்த்தாள். திட்டு ஒட்டவில்லை. அறுநூற்றுப் பன்னிரண்டு பேரையும் மொத்தமாக மடையர்கள் என்று சொல்வது சுலபமாக இருந்தது, இந்த ஒரு ஆளை அந்தக் கூட்டத்திலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு சொல்ல வாய் வரவில்லை. டெலிபோனில் இருந்தவர், எத்தனை பேருக்கு லைன் கொடுத்திருப்பார். உண்மையைச் சொல்லுங்க. இவளிடம் போய் உண்மை கேட்கிறார். ஒண்டி மறுபடி நின்றது, வீடு திடீரென்று அமைதியாகி, ரப்பர் கருகுகிற வாடை மட்டும் மூக்கில் ஏறியது. ‘வராது ஐயா’ என்று அடித்தாள். அடித்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றரை வருஷத்தில் அவள் எழுதின முதல் நெசம், இரண்டே வார்த்தை. அனுப்பினாள். கிழவர் இதைப் படம் பிடித்து ஊர் பூரா அனுப்பினால் தண்டம் கொன்றே போட்டுவிடுவான் என்ற பயம் அப்போதுதான் வந்தது.

பதினோரு நிமிஷம்கூட ஆகவில்லை, பதில் வந்தது. ‘தெரியும்மா. மூணாவது லெட்டர்லயே சிவநேசன் சொல்லிட்டான், அப்பா இது வராதுப்பான்னு. அப்புறம் ஏன்டா காசைத் திருப்பிக் கேக்கலைன்னு கேட்டேன். கேட்டா லெட்டர் நின்னுடும்பான்னான். ஒவ்வொரு லெட்டர் வந்ததும் ஞாயித்துக்கிழமை போன்ல எனக்கு வாசிச்சுக் காட்டுவான். ஒண்டி மூச்சு வாங்குதுன்னு எழுதியிருந்தீங்களே, அன்னிக்குச் சிரிச்ச சிரிப்புல எனக்குப் புரை ஏறிடுச்சு. எமகாதகிப்பா இந்தம்மா, வார்த்தைக்கு வார்த்தை பொய்யி, ஆனா கை இருக்கு பாரு கைன்னான். வருமான்னு கேட்டது சும்மாதான். எங்ககிட்டயாவது நெசம் சொல்றீங்களான்னு பார்த்தேன், கோவிச்சுக்காதீங்க. அடுத்த லெட்டர் எப்பம்மா?’ காந்திமதிக்குக் காது வரைக்கும் சூடேறிற்று. மூன்றாவது கடிதத்திலேயேவா? எட்டாவது கடிதம் எழுதும்போதுதானே அவளுக்கே சந்தேகம் வந்தது! அவள் இவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த அதே நாட்களில் புனேக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே இரண்டு ஆண்பிள்ளைகள் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இன்னும் எத்தனை வீட்டில் சிரிக்கிறார்களோ. பக்குவம் என்று எழுதினதும், மயில்நீலமும், கிரீஸ் கையும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீட்டில் வாசிக்கப்பட்டு, அடேயப்பா என்று தொடையில் தட்டிச் சிரிக்கப்பட்டிருக்கும். வெட்கமாக இருந்தது, நடுத்தெருவில் புடவை அவிழ்ந்த மாதிரி வெட்கம். இவ்வளவு நாளாக மடையர்கள் கூட்டத்துக்கு எழுதுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்த மடச்சி ஒருத்திதான் இந்தக் கூட்டத்திலேயே இருந்திருக்கிறாள். அதோடு, சொன்னால் அசிங்கம், ஒரு சந்தோஷமும் கூடவே வந்து உட்கார்ந்தது. கை இருக்கு பாரு கை. ஒரு பொய்யைப் பொய் என்று தெரிந்தே ஒருத்தன் ரசித்துப் படித்திருக்கிறான், காசைப் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டு. படித்தவன் இப்போது இல்லை. அவளுக்கு ஒருவரி எழுதிப் போடாமலே போய்விட்டான். முகம் தெரியாத அந்தப் பையனின் பெயரைப் பட்டியலில் தேடி எடுத்து ஒருதரம் வாய்விட்டுப் படித்தாள்.

மணி பதினொன்றே முக்கால். தண்டத்தின் அப்பாவை அரைகுறையாகச் சாகடித்திருந்த கடிதத்தை ‘அன்புள்ள’ வரைக்கும் அழித்தாள். பெயர் தானாக விழுகிற அந்தக் கட்டத்தையும் சேர்த்து அழித்தாள். அந்த இடத்தில் கையால் ஒரு பெயரை அடித்தாள். ‘அன்புள்ள கனகசபாபதி ஐயா, கிரைண்டர் வராது. மோட்டாருக்கு ஆர்டரே போடவில்லை. உலகத்தில் இருப்பது ஒரே ஒரு ஒண்டி, அது இப்போது என் அடுப்படியில் நின்றுபோய் இருக்கிறது. இது மூச்சு வாங்குவதில்லை, மூச்சை விட்டுவிடுகிறது. இன்று இதில் அரைத்த மாவில் இட்லி வார்க்கப்போகிறேன், சாப்பிடுவதற்கல்ல, ஜன்னலுக்குக் கீழே ஒரு நாய் குரைத்துக்கொண்டிருக்கிறது. மூன்றாவது கடிதத்திலேயே உங்கள் வீட்டில் சிரித்தது சரி. மாலை ஆறு மணிக்குள் பட்டனை அமுக்கிப் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். இதை எழுதினதற்கு எனக்கு வேலை போகும். அடுத்த கடிதம் எப்போது என்று கேட்டீர்கள். கிரைண்டரைப் பற்றி இனி எழுத ஒன்றும் இல்லை. வேறு எதைப் பற்றியாவது எழுதலாமா?’ திருப்பிப் படித்தாள். நாய் வருகிற இடத்தில் அவருக்குப் புரை ஏறுமா என்று யோசித்தாள், ஏறும் என்றுதான் பட்டது. செல்போன் இன்னும் ஸ்டாண்டில் நின்று, நின்றுபோன ஒண்டியை வெட்டாமல் முழுசாகப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. காந்திமதி பட்டியல் முழுவதையும் தேர்ந்தெடுத்து, அனுப்பு என்பதை அமுக்கினாள். அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அன்புள்ள கனகசபாபதி ஐயா என்றே போயிற்று.